மேல் கம்பி

காப்பிப்பானை ஓடைப் பக்கம் ஒரு வேலி ரூலன் ப்ரூயிட் கட்டினதா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மேல் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தால் போதும். ‘ணங்’கென்று ஒலித்தால் ரூலன் வேலி. ‘தொப்’பென்று அடங்கினால் வேறு எவனோ கூலிக்குக் கட்டிவிட்டுப் போனது. நெவாடாவின் வடக்குப் பக்கத்தில் நாற்பது வருடமாக முள்கம்பி இழுத்தவன் அவன். அவன் வேலியில் மாடு முதுகு சொறிந்துகொண்டதுண்டு, தாண்டினது கிடையாது. கை நிறையத் தழும்பு, வாய் நிறைய வேலிப் பெருமை. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், அந்த வீட்டு வேலியை ஓரக்கண்ணால் பார்த்து உதட்டைப் பிதுக்காமல் அவன் திரும்பினதே இல்லை.

அவனைக் கட்டிக்கொண்ட மைட்டேவுக்கோ வேலி என்றாலே ஆகாது. அவள் அப்பா கடல் தாண்டி பாஸ்க் நாட்டிலிருந்து வந்து இதே சரிவுகளில் ஆடு மேய்த்தவர்.

“உலகத்துல ரெண்டே கட்சிதான். ஒண்ணு வேலி போடறவன், இன்னொண்ணு அதுல சட்டையக் கிழிச்சுக்கறவன். நாங்க கிழிச்சுக்கிட்ட கட்சி” என்பாள்.

“கிழிஞ்ச சட்டையோடதான் என்னைப் பாக்க வந்த. ஞாபகம் இருக்கா?” என்பான் ரூலன்.

“உன்னைப் பாக்க யாரு வந்தா? எங்கப்பனோட கடா உன் வேலிக்குள்ள போயிடுச்சு, அதைத் தேடி வந்தேன். கடா திரும்ப வந்துச்சு, நான்தான் மாட்டிக்கிட்டேன்.”

முப்பத்தெட்டு வருடமாக இதே பேச்சு. பிள்ளைகுட்டி இல்லை. அந்த இடத்தில் மைட்டே வைத்துக்கொண்டது மலைப் புதரில் வாழ்கிற சேஜ் கோழிகளை.

ஓடைக்கு மேலே ஒரு மேட்டுத் தரை உண்டு. சுற்றிலும் சாம்பல் நிறச் சேஜ் புதர், நடுவில் மொட்டையாக ஒரு வெளி. அதுதான் ஆட்டக்களம். மார்ச்சிலிருந்து மே வரை, விடியுமுன் இருட்டிலேயே சேவல்கள் வந்திறங்கும். வால் இறகை விரித்து, நெஞ்சுப் பையை ஊதிக்கொண்டு, ‘ப்ளக், ப்ளக்’ என்று சத்தமெழுப்பி ஆடும். பெட்டைகள் ஓரமாக நின்று, யாருக்கோ வந்த விருந்து போல வேடிக்கை பார்த்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சேவல்களை எண்ணுவதுதான் மைட்டேவின் வேலை. சம்பளமில்லாத வேலை. வருடத்துக்கு மூன்று தடவை, சூரியன் வருவதற்கு அரைமணி முன்னாலிருந்து, வந்த பிறகு ஒன்றரை மணி நேரம்வரை வண்டிக்குள் அசையாமல் உட்கார்ந்து எண்ண வேண்டும். நேரம் முடிவதற்குள் கிளம்பக் கூடாது. நீல அட்டை நோட்டில் தேதி, எண்ணிக்கை, கடைசியில் ‘தொந்தரவு’ என்று ஒரு கட்டம். அதில் ‘கழுகு’, ‘நரி’, ‘காற்று’ என்று எழுதுவாள். ஒரு தடவை ரூலன் பக்கத்தில் உட்கார்ந்து தும்மினதற்கு ‘புருஷன்’ என்று எழுதியிருந்தாள். இருபத்தாறு வசந்தம் இப்படி எண்ணினாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஜூலையில் நெருப்பு வந்தது. இரண்டே நாளில் மலை முழுக்க எரிந்துபோயிற்று. முப்பத்தெட்டு சேவல் ஆடின களம், அடுத்த வசந்தத்தில் பத்தொன்பதாயிற்று. புதர் இருந்த இடத்திலெல்லாம் ஏமாத்துப்புல் வந்து உட்கார்ந்தது. அந்தப் புல்லைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. மேயில் பச்சையாக ஏமாற்றும், ஜூனில் காய்ந்து அடுத்த நெருப்புக்குப் படுக்கை விரித்துவைக்கும். ரூலனும் மைட்டேவும் பனிமேல் சேஜ் விதை தூவினார்கள். முளைக்கவில்லை. நாற்று வாங்கி இரண்டாயிரம் குழி தோண்டி நட்டார்கள். முயல் தின்றது போக, வெயில் தின்றது போக, எழுபது சொச்சம் நின்றது. அதுவும் முழங்கால் உயரம் வரப் பத்து வருடமாகும்.

“சரி, மலையை விடு. ஓடையையாவது பாப்போம்” என்றாள் மைட்டே.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜூலையில் மலை காய்ந்துவிட்டால் பெட்டைகள் குஞ்சுகளை ஓடைக்கரைப் புல்வெளிக்குத்தான் ஓட்டிக்கொண்டு வரும். ஈரமிருந்தால் பூவும் எறும்பும் இருக்கும், குஞ்சு பிழைக்கும். ஆனால் அந்தப் பொதுநிலத்தில் மேய்க்க அனுமதி வைத்திருந்தது கிளெம் ஸ்டாடர்ட். அவன் மாடுகள் கோடை முழுக்க ஓடையிலேயே குடித்தனம் நடத்தின. கரையிலிருந்த வில்லோ மரத்தையெல்லாம் வேரோடு மென்றுவிட்டன. ஓடை ஆளுயரம் குழி விழுந்து, அடியில் கயிறு மாதிரி தண்ணீர் ஓடிற்று.

“ரூலன், எனக்கு ஒரு வேலி கட்டிக் குடு” என்றாள் மைட்டே ஒரு நாள், காப்பி ஊற்றிக்கொண்டே.

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். “என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. நாள் குறிச்சு வெச்சுக்கறேன்.”

“ஆடாத. மாடு உள்ள போகக் கூடாது. அவ்ளோதான்.”

அவள் வாழ்க்கையில் அவனிடம் கேட்ட ஒரே வேலி அது. அந்த இலையுதிர் காலம் முழுக்க அவன் கட்டின அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஓடையைச் சுற்றி இரண்டு மைல், நாலு கம்பி, இரும்புத் தூண் நூல் பிடித்தாற்போல் வரிசையாக. மான் குனிந்து நுழைய அடிக்கம்பி மட்டும் முள்ளில்லாமல் வழவழவென்று. மேல் கம்பியைச் சுண்டினால் பாட்டுப் பாடும். அதில் அரை மைல், ஆட்டக்களத்துக்கும் கோழிகள் ராத்தங்கும் சரிவுக்கும் நடுவே போயிற்று.

கம்பியும் தூணும் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தவள் லோர்னா டைபோ. பறவை, விலங்கு பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்காரி, அந்த மண்ணின் பூர்வகுடியான ஷோஷோனி இனத்தவள், நாற்பது வயதுக்காரி. கடைசி நாள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் பட்டைகள், பளபளக்கிற ஒட்டு ஒட்டினது.

“என்ன இது?” என்றான் ரூலன்.

“மேல் கம்பில மாட்டறது. களத்துப் பக்கம் இருக்கற அரை மைலுக்கு மட்டும், மூணடிக்கு ஒண்ணு. கோழிங்க இருட்டுல தாழத்தான் பறந்து வரும். கம்பி கண்ணுல படணும்.”

“லோர்னா, நான் வேலி கட்டறவன். துணி காயப்போடற கொடி கட்டறவன் இல்ல.”

“அழகுக்குச் சொல்லல, ரூலன்.”

“கோழிக்குக் கண்ணில்லையா? எங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அந்த மேட்டுக்கு வழி தெரிஞ்சு வருது.”

“வருது. அப்பல்லாம் நடுவுல கம்பி இல்ல. நீங்க வேற ரொம்ப இறுக்கமா கட்டறீங்க. தொங்கற கம்பியாவது கொஞ்சம் வளையும்.”

ஓடைக்குப் பதிலாகத் தன் மாடுகளுக்கு வைத்துக் கொடுத்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்திருந்த கிளெம், வண்டிமேல் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

“டேய் ரூலன், அப்படியே கலர் பலூனும் நாலு கட்டிடுடா. என் மாடுங்களுக்குப் பொறந்தநாளுன்னு ஊரைக் கூப்பிட்டுக் கேக் வெட்டலாம்.”

ரூலனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் மதுக்கடையில் இந்தச் சிரிப்பு ஒரு மாதம் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். நாற்பது வருடம் தூக்கிப் பிடித்த தலை. லோர்னாவிடம், “மாட்டறேன், மாட்டறேன், நீ கிளம்பு” என்றான். அவள் போனதும் பெட்டியை வண்டி சீட்டுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் தள்ளினான். கணக்குப் போட்டால் ஒரே பகல் வேலை. அந்த ஒரு பகலை அவன் செய்யவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மைட்டேவின் நெஞ்சு கெட்டுப்போயிற்று. நெருப்புப் புகையை அவள் அன்றைக்கு நிறையவே குடித்திருந்தாள். மூக்கில் குழாய், பக்கத்தில் பிராணவாயுச் சிலிண்டர். விடியற்காலைக் குளிரில் போகவே கூடாது என்றார் டாக்டர். நோட்டையும் தொலைநோக்கியையும் ரூலனிடம் கொடுத்தாள்.

“பெட்டையைச் சேவல்னு எண்ணித் தொலைக்காத. நேரம் முடியாம வராத. தும்மாத.”

முதல் எண்ணிக்கை பன்னிரண்டு. போன வருடம் பதினாலு. சொல்ல அவ்வளவு மோசமில்லை. ரூலன் சந்தோஷமாகவே வண்டியை விட்டு இறங்கி, ஓடைக்கரையில் அன்றைக்கு நடவேண்டிய வில்லோக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடந்தான். மேல் கம்பியில் ஒரு கொத்து இறகு காற்றில் ஆடிற்று. கீழே புல்லில் ஒரு பெட்டை கிடந்தது. கழுத்து ஒடிந்திருந்தது.

‘கழுகு அடிச்சிருக்கும்’ என்றான், சத்தமாக. பக்கத்தில் யாருமில்லை. கழுகு அடித்தால் தின்னாமல் விடாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, குச்சி நடப் போனான்.

பத்து நாள் கழித்து இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனபோது, இருட்டில் அவனே கேட்டான். வண்டிக் கண்ணாடி இறக்கியிருந்தது. மேலே இறக்கைச் சத்தம், அதற்குப் பிறகு ‘ணங்’. நாற்பது வருடமாக அவன் காது குளிரக் கேட்ட அதே ஓசை. சற்றுப் பொறுத்து இன்னொரு ‘ணங்’. நேரம் முடியாமல் இறங்கக் கூடாது, ஆடுகிறவை கலைந்துவிடும். இரண்டு மணி நேரம் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் வந்த பிறகு வேலியோரம் போனான். அன்றைக்கு இரண்டு, பழையது நாலு. முன்பு புதைத்ததோடு ஏழு. நாலு சேவல், மூன்று பெட்டை. ஒரு சேவலுக்கு உயிர் போகவில்லை. நெஞ்சுப் பை கிழிந்து, ஊதப் பார்த்து ஊதப் பார்த்து, காற்று சீறிக்கொண்டு போயிற்று. அதை அவனே முடித்துவைத்தான்.

பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தான். சாப்பிடாமல், உட்காராமல், அன்று பொழுது சாயும்வரை பட்டை மாட்டினான். கையுறை போட மறந்துபோய் விரலெல்லாம் ரத்தம். அவ்வழியாகப் போன கிளெம் வண்டியை நிறுத்தினான். சிரிக்க வாயெடுத்தவன் ரூலன் முகத்தைப் பார்த்துவிட்டு, “உதவி வேணுமாடா?” என்றான். ரூலன் அடுத்த பட்டையை எடுத்தான். அந்தச் சிரிப்பை இப்போது கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மைட்டே சமையலறை ஜன்னலோரத்திலிருந்து கேட்டாள். “எத்தனை?”

“எட்டு.”

“போன தடவை பன்னெண்டு சொன்னியே?”

“காத்து அதிகம்.”

அவள் நோட்டில் ‘தொந்தரவு’ கட்டத்தில் ‘காற்று’ என்று எழுதினாள். அவன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பட்டை மாட்டின பிறகு வேலியில் ஒன்றுகூட அடிபடவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. லோர்னாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை.

“நெருப்புல எப்பவோ பாதி போயிடுச்சு ரூலன். உங்க வேலில போன ஏழு கோழிய மட்டும் வெச்சு கணக்குப் பாக்காதீங்க.”

“பாதி போனதுக்கு நான் ஒண்ணும் பண்ணல. மிச்சம் இருந்ததுல மூணு பெட்டை. ஒவ்வொண்ணும் ஏழெட்டு முட்டை வெச்சிருக்கும். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.”

வேலியைப் பிடுங்கிவிடலாமா என்றும் யோசித்தான். பிடுங்கினால் ஒரே ஆகஸ்டில் மாடுகள் உள்ளே வந்து, நட்டதையெல்லாம் தின்று தீர்த்துவிடும். வேலி நின்றது.

ஓடை என்னவோ அவன் கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. கட்டைகளைக் குறுக்கே அடித்து வில்லோக் கொம்பை முடைந்து அவன் போட்ட அணைகளில் சேறு சேர்ந்தது, தண்ணீர் ஏறிற்று. மூன்றாம் வருடம் யாரும் கூப்பிடாமல், மரத்தைக் கொறித்து அணை கட்டும் பிராணியான பீவர் ஒரு ஜோடி வந்து, அவன் போட்ட அணையைச் சரியில்லை என்று திருத்திக் கட்டிக்கொண்டது. கரையெங்கும் வில்லோ தோளுயரம். புல்வெளி நனைந்து, கோழிக்குஞ்சு தின்கிற மஞ்சள் பூ கண்ணுக்கெட்டினவரை பூத்தது. எங்கிருந்தோ படமெடுக்க ஆட்கள் வந்தார்கள். ரூலனை நடுவில் நிறுத்திக் கை கொடுத்தார்கள். போட்டோவில் அவன் முகம் பல்வலிக்காரன் முகமாக இருந்தது.

அந்த ஜூனில் மைட்டேவைப் பகல் வெயிலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். பிறகு வேலியைப் பார்த்தாள்.

“வெள்ளையா மாட்டியிருக்கியே, எப்ப மாட்டின?”

“கட்டினப்பவே.”

“ஓ” என்றாள், அவ்வளவுதான்.

களத்தில் இரண்டாம் வசந்தம் ஐந்து சேவல். மூன்றாம் வசந்தம் ஒன்று. அந்த ஒன்று ஏப்ரல் முழுக்கத் தனியாக வந்து, பார்க்க ஒரு பெட்டையும் இல்லாத வெளியில், நெஞ்சை ஊதி ஊதி ஆடிற்று.

இந்த வருடம் முதல் எண்ணிக்கைக்குப் போய்விட்டு வந்தான்.

“எத்தனை?”

“ஒண்ணு.”

இரண்டாவதற்கும் அதையே சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். அந்தக் கை எழுதுவதைப் பார்க்க முடியாமல் அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாவது எண்ணிக்கைக்கு முந்தின சாயங்காலம், “நானும் வரேன்” என்றாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவருக்குக் கோழியப் பத்தி என்ன தெரியும்? சிலிண்டரை ஏத்து.”

கருக்கலில் போய்ச் சேர்ந்தார்கள். போர்வையைச் சுற்றிவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினான். கீழே ஓடையிலிருந்து தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. பீவர் வாலால் தண்ணீரை அடிப்பது கேட்டது. வாத்துகள் இறங்கின. நெருப்புக்கு முன்னால்கூட அங்கே இவ்வளவு சத்தம் இருந்ததில்லை. மேட்டில் மட்டும் ஒன்றுமில்லை. மெல்ல வெளிச்சம் வந்தது. வேலியில் அரை மைலுக்கு அந்த வெள்ளைப் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டன. எந்தக் குருட்டுப் பறவையும் தவறவிடாது, அவ்வளவு பளிச்சென்று.

“ஒண்ணுன்னு சொன்னியே. அது எங்க நின்னு ஆடுச்சு?” என்று கேட்டாள் மைட்டே.

அவன் கையைத் தூக்கி ஏதோ ஒரு இடத்தைக் காட்டினான். கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

“வரல, மைட்டே. ரெண்டு தடவையும் வரல.” பிறகு நிறுத்த முடியவில்லை. பெட்டி, போர்வை, கிளெமின் சிரிப்பு, இருட்டில் கேட்ட ‘ணங்’, நாலு சேவல், மூன்று பெட்டை, எல்லாவற்றையும் கொட்டினான். “நீ என் வாழ்க்கைல கேட்டது ஒரே ஒரு வேலி. அதுல கொண்டுபோய்...” என்று கண்ணாடிக்கு வெளியே வேலியைக் காட்டினான்.

அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அந்த நவம்பர்ல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, குளிருதுன்னு பின்னாடி கைய விட்டுப் போர்வைய எடுத்தேன். பெட்டி இருந்துச்சு. லோர்னா போன்ல என்கிட்டயும் சொல்லியிருந்தா, மார்ச்சுக்குள்ள மாட்டிடணும்னு.”

“ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாட்டியிருப்பேனே.”

“மாட்டியிருப்ப. கிளெம் சிரிப்பான்னு நீ பயந்த. அவன் சிரிச்சா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு நான் பயந்தேன். உன் வேலி அவ்ளோ அழகா வேற இருந்துச்சு ரூலன். நானே போய் ஒரு தடவை சுண்டிப் பாத்தேன்.”

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியின் சாவியில் கை வைத்தான்.

“நேரம் முடியல. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு” என்றாள்.

உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மேட்டில் ஏறிற்று. ஒரு மான் கூட்டம் அடிக்கம்பிக்குக் கீழே குனிந்து நுழைந்து ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிற்று. தவளைகள் ஓய்ந்தன. ஒன்றும் வரவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள். முன்பு எழுதின இரண்டு ஒன்றுகளையும் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். மூன்றாவது வரியிலும் பூஜ்யம் போட்டாள். ‘தொந்தரவு’ கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“நெருப்புன்னு எழுதாத” என்றான் ரூலன்.

“பின்ன?”

“என் பேரை எழுது.”

அவள் எழுதினாள். அதற்குக் கீழே, கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், தன் பேரையும் எழுதினாள். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, குளிருகிறது, கண்ணாடியை ஏற்று என்றாள்.